வேலூர் வெயிலில் வெளிப்புறப் பயிற்சி: மலையடிவாரப் பூங்கா மையம் எப்படி இருக்கிறது?

வேலூரின் தென்புறத்தில், பாறைக் குன்றின் அடிவாரத்துப் பூங்காவுக்குள், நகரவாசிகளுக்கு வெளிப்புறத் திறன்களைச் சொல்லித்தரும் மையம் ஒன்று நடக்கிறது. போகலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: போகலாம். காலை 6.30 வகுப்பில் சேருங்கள். தண்ணீர் வகுப்பையும் படுதா வகுப்பையும் விட்டுவிடாதீர்கள். மாலையில் ஏறும் சுவர்ப் பக்கம் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். கத்திரி வெயில் நாட்களில் முழு நாள் வகுப்பு வேண்டவே வேண்டாம். காரணங்களைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறோம். இதுபோல ஒரு மையம் கட்ட நினைக்கும் ஊராட்சிகளுக்கும் பள்ளிகளுக்கும் அந்த விவரங்கள் உதவும்.

கேம்பிங் என்றதும் பனி, ஊசியிலைக் காடு, ஸ்லீப்பிங் பேக் என்று தொடங்கும் பாடத்திட்டம் நம் ஊருக்கு ஆகாது. வேலூர்க்காரர் வெளியே போவது ஜவ்வாது மலைக்கு, ஏலகிரிக்கு, அமிர்திக்கு, பாலாற்றுப் படுகைக்கு. அங்கே அவரை வீழ்த்துபவை வெயில், குடிக்கத் தகாத தண்ணீர், கல்குவாரிக் குட்டை, இரவில் தரையில் ஊரும் கட்டுவிரியன். இந்த நான்கையும் ஒரு மையம் எவ்வளவு கவனமாக எடுத்துக்கொள்கிறது என்பதை வைத்துத்தான் அதை அளக்க வேண்டும். இந்த மையம் முதல் இரண்டில் நன்றாகத் தேறுகிறது. மூன்றாவதில் பாதிக் கிணறு தாண்டியிருக்கிறது. நான்காவதைச் சுவரில் ஒட்டிய ஒரு தாளோடு முடித்துக்கொள்கிறது. அதை ஏற்க முடியாது.

கூடமும் வெயிலும்

வகுப்புக் கூடம் கிழக்கு மேற்காக நீண்டிருக்கிறது. நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன, கிழக்கு மேற்குச் சுவர்கள் குறுகலானவை, ஜன்னல் கிடையாது. வேலூரில் கட்டுகிற எந்தத் திறந்த கூடத்துக்கும் இதுதான் சரியான கிடப்பு. காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் தாழ்வாக வந்து கூடத்தின் உள்ளே வரை பாயும் வெயிலைத்தான் தடுக்க வேண்டும். உச்சி வெயிலைக் கூரை பார்த்துக்கொள்ளும்.

வேலூர் ஏறத்தாழ 12.9 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன்பின் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகலில் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். அதனால் வடக்குப் பக்கத்திலும் தாழ்வாரம் வேண்டும், இரண்டடி போதும். டிசம்பரில் அதே சூரியன் நண்பகலில் உச்சியிலிருந்து சுமார் 36 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும். அந்த வெயிலை முழுக்கத் தடுக்க ஏழடி உயரத் திறப்புக்கு ஐந்தடித் தாழ்வாரம் தேவைப்படும். இங்கே நான்கடி விட்டிருக்கிறார்கள். மார்கழிக் காலையில் கொஞ்சம் வெயில் உள்ளே வருவது நல்லதுதான். நன்றாக யோசித்துச் செய்த கூடம்.

கூரை ஓடு போட்டது. பிரச்சினை சாப்பாட்டு ஷெட்டில் இருக்கிறது. அதற்குத் தகர ஷீட் போட்டு, உயரத்தையும் எட்டடியில் நிறுத்திவிட்டார்கள். வெளியில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் அந்த ஷீட் அதைவிட மிக அதிகமாகத் தகித்து, கீழே உட்கார்ந்திருப்பவர் தலையில் நேராக வெப்பத்தை இறக்கும். காற்றாடி போட்டாலும் சூடான காற்றுதான் சுற்றும். பிரித்துக் கட்டத் தேவையில்லை. ஷீட்டுக்கு அடியில் அரை அடி இடைவெளி விட்டு ஒரு வரிசை தென்னங்கீற்று கட்டி, மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் மே மாதத்திலும் உட்கார முடியும். இடைவெளி முக்கியம்: கீற்றை ஷீட்டோடு ஒட்டிக் கட்டினால் வெப்பம் அப்படியே கடந்து வரும், மழையில் கீற்று காயாமல் அழுகும்.

வெயில் பற்றிய பாடம் அரை மணி நேரம்தான், ஆனால் மையத்தின் மிகச் சிறந்த அரை மணி அது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை எப்படிக் கலப்பது என்று தொடங்குகிறார்கள். நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு, ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் குடிப்பது. அப்படிக் குடித்தால் உப்பு கூடி, குடலுக்குள் உடம்பிலிருந்தே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். குழந்தைக்கு அது ஆபத்து. பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டிய அளவு. கும்பாரமாக அள்ளக் கூடாது. இதை வந்தவர்கள் கையாலேயே கலந்து குடிக்க வைக்கிறார்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்கச் சொல்கிறார்கள்.

வெயில் மயக்கத்துக்கும் வெப்பத் தாக்குக்கும் உள்ள வித்தியாசத்தையும் தெளிவாகச் சொல்கிறார்கள். வியர்த்துக் கொட்டி, தலை சுற்றி, ஆனால் பேச்சு சரியாக இருந்தால் நிழல், தண்ணீர், ஓய்வு. பேச்சு குழறினாலோ, ஆள் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாலோ அது வெப்பத் தாக்கு. உடனே 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு. மயங்கிய ஆளுக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக் குழலுக்குள் போய்விடும். வெப்பத் தாக்கில் எல்லோருக்கும் வியர்வை நின்றுவிடும் என்பது தவறான நம்பிக்கை. வெயிலில் மலையேறியவருக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே தாக்கு வரலாம். இதைச் சொல்லித்தராத பயிற்சி மையங்களே அதிகம்.

தண்ணீர் மேசை

கூடத்தின் வடக்கு ஓரத்தில் பன்னிரண்டடி நீளக் கடப்பைக்கல் மேசை. அதன்மேல் மூன்று குடம்: பாலாற்றுப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், மழைக்குப் பின் பாறைக் குழியில் தேங்கிய தண்ணீர், குழாய்த் தண்ணீர். வந்தவர்களிடம் முதலில் கேட்பது, எதைக் குடிப்பீர்கள் என்பது. பெரும்பாலோர் பார்வைக்குத் தெளிவாக இருக்கும் ஆழ்துளைத் தண்ணீரைக் காட்டுகிறார்கள். அப்புறம் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை மூன்றிலும் முக்கி எண்ணைப் படிக்க வைக்கிறார்கள். பாறைக் குழித் தண்ணீர் கலங்கலாக இருந்தாலும் உப்பு குறைவு. தெளிவாக இருந்த தண்ணீரில்தான் எண் எகிறுகிறது.

இந்தப் பாடம் வேலூருக்கு ஏன் இவ்வளவு அவசியம் என்பதற்குப் பாலாறே சான்று. பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் ஆலைக் கழிவு பற்றி வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடர்ந்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை இந்தியச் சட்டக் கல்லூரிகள் எல்லாம் இன்றும் படிக்கின்றன. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. நிலத்தடியில் இறங்கிய உப்பும் குரோமியமும் கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மிஞ்சி நிற்கும். ஆகவே காய்ச்சினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையோடு பாலாற்றுப் படுகையில் ஊற்றுத் தோண்டிக் குடிக்கக் கூடாது. கிருமிக்குத்தான் காய்ச்சுவது, கரைந்த உப்புக்கு அல்ல. இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டு வெளியே போனாலே கொடுத்த கட்டணத்துக்கு ஈடாகிவிடும்.

கிருமி நீக்கும் வழி மூன்றையும் செய்தே காட்டுகிறார்கள். முதலில் கலங்கலைப் போக்க வேண்டும்: ஒரு மணி நேரம் தெளியவிட்டு, நான்காக மடித்த பழைய பருத்தி வேட்டியில் வடிகட்ட வேண்டும். புது வேட்டி கஞ்சிப் பசையோடு இருக்கும், நீர் இறங்காது. அப்புறம் காய்ச்சுதல்: கொப்புளம் பெரிதாகக் குமுறத் தொடங்கியபின் ஒரு நிமிடம். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம், அங்கேயும் இதே ஒரு நிமிடம் போதும். 2,000 மீட்டரைத் தாண்டினால்தான் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

இரண்டாவது குளோரின் மாத்திரை. உறையில் எழுதியிருக்கும் லிட்டர் அளவைப் பார்த்துப் போட்டு அரை மணி காத்திருக்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் மாத்திரை வேலை செய்யாததற்குக் காரணம், குளோரின் முழுவதையும் மண்ணும் இலைச்சக்கையும் தின்றுவிடுவது. வடிகட்டாமல் இரண்டு மாத்திரையாகப் போட்டால் வாடைதான் மிச்சம்.

மூன்றாவது வெயில். வேலூருக்கு இது கொடை. லேபிள் உரித்த, கீறல் விழாத, நிறமில்லாத பெட் பாட்டில், இரண்டு லிட்டருக்கு மேல் வேண்டாம். முக்கால் பங்கு நிரப்பி இருபது விநாடி குலுக்கி, பிறகு முழுக்க நிரப்பி மூடி, ஆறு மணி நேரம் நேர் வெயிலில் படுக்க வைக்க வேண்டும். மேகமூட்டம் பாதி வானத்துக்கு மேல் இருந்தால் இரண்டு முழு நாள். "இன்னாண்ணா, வெயில்ல வெச்சா மட்டும் சுத்தமாயிடுமா?" என்று ஓர் அம்மா கேட்க, பயிற்சியாளர் பதில் சொல்லாமல் பாட்டிலை நிமிர்த்தித் தினத்தந்தி மேல் வைத்து, மேலிருந்து உள்ளே பார்க்கச் சொல்கிறார். அடியில் இருக்கும் தலைப்பு எழுத்து படிக்க வந்தால் வெயில் போதும். படிக்க வராவிட்டால் இன்னொரு முறை வடிகட்ட வேண்டும். "இதுல எழுத்து தெரியலம்மா, மறுபடி வடிகட்டுங்க." அந்த அம்மா தானே வடிகட்டி வந்து படித்துக் காட்டுகிறார். பாடம் நடத்துவது என்றால் இப்படி நடத்த வேண்டும்.

இதே மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிழை நிற்கிறது. வெயிலில் சுத்தமாகும் தண்ணீருக்கு மாதிரி என்று 20 லிட்டர் நீல நிறக் கேன் ஒன்றை வெயிலில் வைத்து, பலகை எழுதியிருக்கிறார்கள். அந்தக் கேனில் இந்த முறை நடக்காது. அதன் பருமனும் நீல நிறமும் புற ஊதாக் கதிரை உள்ளே விடாது. படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் வீட்டு மொட்டைமாடியில் கேனை வைத்துக் குடிப்பார்கள். அந்தக் கேனை இன்றே எடுத்துவிட வேண்டும்.

படுதாத் திடல்

டென்ட் கொடுக்காமல் படுதா கொடுத்தது இந்த மையத்தின் துணிச்சலான முடிவு, சரியான முடிவும்கூட. கடையில் வாங்கும் சிறிய டென்ட்டுக்குள் ஏப்ரல் இரவில் தூங்க முடியாது, காற்று நுழையாது. 12-க்கு 15 அடிப் படுதா ஒன்று, பத்து மீட்டர் கயிறு, ஆறு முளை இருந்தால் நான்கு பேருக்கு நிழலும் மழைத் தடுப்பும் ஆயிற்று. 90 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 90 கிராம் எடை) நீலப் படுதா ஒரு கோடையில் நூல் நூலாக உதிரும், பயிற்சிக்கு 200 ஜி.எஸ்.எம். வேண்டும். மையம் அதைத்தான் வைத்திருக்கிறது.

முளையில்தான் அவர்கள் அனுபவம் தெரிகிறது. டென்ட்டோடு வரும் அலுமினிய முளை நம் செம்மண்ணில் மாசி மாதத்துக்கு மேல் இறங்காது. இரண்டு முறை அடித்தால் வளைந்து நிற்கும். இவர்கள் கட்டடக் கம்பி 8 மி.மீ. வாங்கி, ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதலாக வெட்டி, ஒரு முனையைக் கொக்கியாக வளைத்து, மறுமுனையைச் சாணை பிடித்து வைத்திருக்கிறார்கள். ஒன்று ஏறத்தாழ 120 கிராம். தோளில் சுமக்கக் கனம்தான், ஆனால் பிடிக்கும். கயிறு இழுக்கும் திசைக்கு எதிர்ப்புறமாகத் தலை சாய்ந்திருக்கும்படி அடிக்க வேண்டும். நேராக அடித்தால் காற்று இழுக்க இழுக்கத் துளை பெருத்து முளை வெளியே வந்துவிடும். கொக்கிக்கு மேல் தேங்காய்ச் சிரட்டை ஒன்றைக் கவிழ்த்து வைக்கிறார்கள், இருட்டில் கால் தடுக்கினால் காயம் படாமல் இருக்க. சின்ன விஷயம், ஆனால் நல்ல மையத்தை இதில்தான் கண்டுபிடிக்கலாம்.

படுதாவின் மூலை வளையம் பெரும்பாலும் முதல் புயல் காற்றிலேயே பிய்ந்துவிடும். அதற்கு இங்கே சொல்லித்தரும் வழி: நெல்லிக்காய் அளவுக் கூழாங்கல்லைப் படுதாவின் விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே வைத்து, படுதாவோடு சேர்த்துத் திரட்டிப் பிடித்து, அந்தக் கழுத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டுவது. வளையத்தில் ஒரே புள்ளியில் விழும் இழுவை, கல்லைச் சுற்றியிருக்கும் துணி முழுக்கப் பரவும். கல் கூர்மையாக இருந்தால் படுதாவை அறுக்கும் என்பதால் உருண்டைக் கல்லையே எடுக்க வேண்டும்.

படுதாவின் முகட்டைத் தாங்கும் முதுகுக் கயிற்றை இறுக்க லாரிகளில் லோடு கட்டுபவர்கள் போடும் கட்டையே சொல்லித்தருகிறார்கள். கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி, நுனியை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து கண்ணிக்குள் நுழைத்துப் பின்னோக்கி இழுப்பது. ஒருவர் இழுத்தாலே படுதா தொய்வின்றி நிற்கும். கற்றுக்கொள்பவர்கள் தவறுவது கண்ணி போடுவதில். இழுத்தால் நகரும் சுருக்காகப் போட்டுவிட்டால் மரத்தோடு இறுகி, அவிழ்க்கக் கத்தி தேவைப்படும். கயிறும் முக்கியம். கடையில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள், நீல பாலிப்ரொப்பிலீன் கயிறு வழுக்கும், முடிச்சு தானே அவிழும், வெயிலில் ஓராண்டில் பொடிந்து கையில் சிலும்பு குத்தும். நைலான் கயிறு பிடிக்கும், ஆனால் நனைந்தால் நீளும். மழைக் காலத்தில் இரவு படுக்கும் முன் ஒருமுறை இறுக்கிவிட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து சாரல் அடிக்கும், எனவே படுதாவின் தாழ்ந்த பக்கம் வடகிழக்கைப் பார்க்க வேண்டும். திடலில் இதற்கென்று ஒரு பலகை நட்டிருக்கிறார்கள், அம்புக்குறியோடு. மரத்தில் கயிறு கட்டும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறார்கள், புங்க மரங்களின் பட்டை அறுபடாமல் இருக்கிறது. வேலூரை மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று சொல்லிக்காட்டுகிறார்களே, அந்த ஊரில் இருக்கிற மரத்தைக் காப்பாற்றும் அக்கறையைப் பார்க்க மனது நிறைகிறது.

காம்பஸ், தீ, ஆறு

திசை வகுப்பில் குச்சி நிழல் பாடம் நன்றாக இருக்கிறது. குச்சியை நட்டு, நிழல் நுனியைக் கல் வைத்துக் குறித்து, இருபது நிமிடம் கழித்து மறுபடி குறித்தால், முதல் கல்லிலிருந்து இரண்டாவது கல்லுக்குப் போகும் கோடு ஏறத்தாழ மேற்கிலிருந்து கிழக்கு. நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று பள்ளியில் படித்ததை நம்பி மே மாதத்தில் போனால் திசை தலைகீழாகிவிடும், அப்போது நிழல் தெற்கே விழும். வேலூரில் சூரிய நண்பகல் கடிகாரத்தின் 12 மணியும் அல்ல. நவம்பர் தொடக்கத்தில் 12-க்குச் சற்று முன்பு வரும், பிப்ரவரி நடுவில் 12.27 வரை தள்ளிப் போகும். இரவில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 13 டிகிரிதான் எழும்பியிருக்கும், வடக்கே குன்று இருந்தால் அது மறைந்துவிடும்.

காம்பஸ் பாடம்தான் சொதப்பல். பாதை தொடங்கும் இடத்தில் இரும்புப் பந்தல் போட்டு, அதன் கீழே இரும்பு பெஞ்சில் உட்கார வைத்துக் காம்பஸைப் படிக்கச் சொல்கிறார்கள். முள் பந்தல் தூணைப் பார்த்துத் திரும்புகிறது. ஒவ்வொருவரும் வெவ்வேறு எண் சொல்ல, பயிற்சியாளர் காம்பஸ் மலிவானது என்று சமாதானம் சொல்கிறார். காம்பஸில் குறையில்லை. ஒரு டிகிரி பிசகினால் நூறு மீட்டரில் ஒன்றே முக்கால் மீட்டர் விலகும், பத்து டிகிரி பிசகினால் பதினேழு மீட்டர். அதனால்தான் இரண்டாவது குறிக்கல்லைப் பாதிப்பேர் கண்டுபிடிக்காமல் திரும்புகிறார்கள். தொடக்க இடத்தை இரும்பிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி, ஒரு வேப்பமரத்தடிக்கு மாற்றினால் போதும். போன் காம்பஸுக்கும் இதே விதிதான், காந்தப் பூட்டு வைத்த போன் உறையைக் கழற்றவும் சொல்ல வேண்டும்.

தீப் பாடம் நெஞ்சில் நிற்கும். 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேற்றக்காரர்கள் 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல், ஏற்றமான சரிவு. மையத்தில் ஒரு களிமண் தட்டில் வரிசை வரிசையாகத் தீக்குச்சி நட்டு, தட்டைச் சமமாக வைத்துக் கொளுத்துகிறார்கள். தீ குச்சி குச்சியாக, தயங்கித் தயங்கி நகர்கிறது. அடுத்த தட்டை இருபது டிகிரி சாய்த்துக் கீழ் வரிசையைக் கொளுத்தினால், சில விநாடியில் மேல் வரிசை வரை எரிந்துவிடுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது காட்டுத் தீ வல்லுநர்கள் வைத்திருக்கும் கணக்கு. தீயைப் பார்த்து மேலே ஓடக் கூடாது, பக்கவாட்டில் வெறும் பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து கருகிய இடத்துக்கோ போக வேண்டும் என்று சொல்லும்போது கூடத்தில் சத்தமே இல்லை. நைலான் டிராக் பேன்ட் உருகித் தோலில் ஒட்டும், பருத்தி உடுப்புதான் காட்டுக்கு ஏற்றது என்பதையும் துணித் துண்டைக் கொளுத்தியே காட்டுகிறார்கள். மாசியிலிருந்து ஆனி வரை திறந்த அடுப்பு வகுப்பை நிறுத்திவிடுவது இன்னொரு நல்ல முடிவு.

ஆற்றுப் பாடத்துக்குத் தண்ணீரே இல்லாமல் சமாளிக்கிறார்கள். பதினைந்து மீட்டர் தூரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி வைத்து, பையில் அடைத்த மிதக்கும் கயிற்றை வீசிப் பழக்குகிறார்கள். நாற்காலியைத் தாண்டி விழும்படி வீச வேண்டும், முன்னால் விழுந்தால் தத்தளிப்பவர் கைக்கு எட்டாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, இழுத்துக்கொண்டு போய்விடும். இது வரைக்கும் சரி. ஆனால் நம் பக்கத்தில் பிள்ளைகள் கல்குவாரிக் குட்டையிலும் மூழ்குகிறார்கள். செங்குத்தான ஓரம், கால் ஊன்ற இடமில்லை, மேலே வெதுவெதுப்பு, கீழே சில்லென்ற தண்ணீர், அடியில் உடைகல். அந்தக் குட்டையைப் பற்றிப் பாடத்தில் ஒரு வார்த்தை இல்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டு வந்தபோது தரைப்பாலங்களில் நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்தை நினைத்தால், வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி ஆழம் இருந்தாலே ஆளைத் தள்ளும், இரண்டடி இருந்தால் காரையே தூக்கும் என்ற பாடமும் கட்டாயம் வேண்டும். சரிவான மரத்தட்டில் ஒரு ஹோஸ் பைப் வைத்தாலே அதைச் செய்து காட்டலாம்.

ஏறும் சுவர்

செலவு அதிகம் போனது இதற்குத்தான், பயன் குறைவும் இதில்தான். நான்கு மீட்டர் கான்கிரீட் சுவர், முகம் மேற்கைப் பார்த்து. மாலை 3 மணிக்கு அதன் பிடிகளைத் தொட்டால் கை பொத்துப்போகும். மாலை வகுப்பு 4.30-க்குத் தொடங்குகிறது, சுவர் அப்போதும் பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். சுவரை வடக்கு முகமாக வைத்திருந்தால், செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடு வரை நாள் முழுக்க நிழல், கோடையிலும் சாய்வான வெயில்தான் படும்.

அடியில் எம்-சாண்ட் ஓரடி பரப்பியிருக்கிறார்கள். இது ஆபத்து. விழுந்தால் தாங்குவதற்கு உருண்டை மணல் வேண்டும், அது விலகி இடம் கொடுக்கும். எம்-சாண்ட் உடைத்த கல், முனைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு மிதிக்க மிதிக்கக் கெட்டிப்படும், மழை பெய்து காய்ந்தால் தரைதான். நல்ல மணலாக இருந்தாலும் ஓரடி மூன்று மீட்டர் உயரத்துக்கு மேல் போதாது. தடிமனான நுரை மெத்தை வேண்டும், பயிற்சி முடிந்ததும் ஷெட்டுக்குள் போய்விட வேண்டும், வெயிலில் கிடந்தால் நுரை பொடிந்து வெறும் உறைதான் மிஞ்சும். அதுவரை மேல் ஒரு மீட்டரில் இருக்கும் பிடிகளைக் கழற்றிவிடுவது புத்திசாலித்தனம். பிடிகளில் சில திருகிச் சுழல்கின்றன. போல்ட்டை மாதம் ஒருமுறை இறுக்கி, இறுக்கிய தேதியைச் சுவர் ஓரத்தில் எழுத வேண்டும்.

சுவருக்கு எதிரே ஆளுயரத்தில் அழகான பெரிய பாறை ஒன்று கிடக்கிறது, வடக்கு முகம் நிழலில். குழந்தைகளுக்கு அதுவே போதும். இந்தப் பக்கத்துப் பாறை வெயிலிலும் மழையிலும் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரியும். ஆகவே ஏறும் முன் முஷ்டியால் தட்டிக் காது கொடுக்க வேண்டும்: கணீரென்றால் பிடிக்கலாம், டொப்பென்று கூடு சத்தம் வந்தால் அந்த ஏடு கையோடு வந்துவிடும்.

பாம்பும் மற்றவையும்

பாம்புக்கடிக்கு ஒரு தாள் போதாது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் இந்த மாவட்டத்தில் உண்டு. கட்டுவிரியன் தரையில் தூங்குபவரை இரவில் கடிக்கும், வலியே தெரியாமல் போகலாம். விடிந்ததும் வயிற்று வலி, இமை தொங்கல் என்று தொடங்கும். படுதாவுக்குக் கீழே தூங்கக் கற்றுக்கொடுக்கிற மையம், தரையோடு விளிம்பு செருகிய கொசுவலைக்குள் தூங்கவும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டாமா? கடித்த கையையோ காலையோ குச்சி வைத்து அசையாமல் கட்டுவதை நேரில் செய்து பழக்க வேண்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், கொலுசு, வளையலைக் கழற்ற வேண்டும், வீங்கினால் ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். நேராக அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை அல்லது சி.எம்.சி. போக வேண்டும். பாம்பைப் பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை, நான்கு விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் நம் நாட்டில் கொடுக்கிறார்கள்.

பயிற்சியாளர்கள் பொறுமையானவர்கள். பெரியவர்களை ஐயா, அம்மா என்றும் பிள்ளைகளை வாப்பா, வாம்மா என்றும் கூப்பிட்டு வேலை வாங்குகிறார்கள். வெளி மாநில மாணவர்கள் வரும் நாளில் ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் மாறுகிறார்கள், பலகைகளில் உருதும் சேர்த்தால் நம் ஊருக்கு இன்னும் பொருந்தும். கழிப்பறை சுத்தம். சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் இருக்கிறது, சக்கர நாற்காலி கூடம் வரை போகும், திடலுக்குப் போகாது.

போகிறவர்கள் முழுக்கைப் பருத்திச் சட்டை, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மூடிய ஷூ எடுத்துக்கொள்ளுங்கள். சென்ட், வாசனை எண்ணெய் வேண்டாம். குன்றின் மேற்கு முகத்தில் மலைத்தேனீ கூடு தொங்குகிறது, வாசனையும் புகையும் அதைக் கிளப்பிவிடும். கற்றதை வைத்து நேராகக் காப்புக்காட்டுக்குள் ஏறிவிடாதீர்கள். வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய டிரெக் தமிழ்நாடு திட்டத்தில் ஆன்லைனில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம், தீ அபாய மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். மையத்தில் அரை நாளுக்கு 15 பேரைத்தான் சேர்க்கிறார்கள். மார்கழி, தை மாத வார இறுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும், வார நாட்களில் இடம் கிடைக்கும்.